பெரியம்மா இறங்கும் வரை

"குடையை மடக்குங்க மேடம்... மழை வராது."

அவள் வெடுக்கென்று திரும்பினாள். ஒரு விநாடிக்கு முன்னால்தான் அவன் தோளில் சுமந்திருந்த துணிச்சுருளின் முனை அவள் முதுகில் நன்றாக இடித்திருந்தது. மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், இவன் வானிலை அறிக்கை வாசிக்கிறான்!

"இடிச்சதுக்கு ஸாரி சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"நான் எங்கே இடிச்சேன்? உங்க குடைக் கம்பிதான் என் கண்ணைக் குத்த வந்துச்சு. கண்ணு முக்கியமாச்சேன்னு ஒதுங்கினேன், சுருள் சுத்திடுச்சு. நியாயமாப் பார்த்தா ஸாரி நீங்கதான் சொல்லணும்."

உதடு சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கண்கள்... அவை மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தன. கருகருவென்று, குறும்பாக, எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிற கண்கள். அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கூடவே, வேறு ஏதோ ஒன்றும் வந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை.

வானமோ கன்னங்கரேலென்று கிடந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் கொட்டித் தீர்த்துவிடும் என்று அவள் அடித்துச் சொல்வாள். அப்படியிருந்தும் அந்த பஸ் நிறுத்தத்தில் குடை விரித்திருந்தது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் சாவகாசமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன ஊரோ, என்ன மனிதர்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

"மழை வராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வானிலை ஆபீஸ்ல வேலையா?"

"பெரியம்மா மேல போயிருக்காங்க. அவங்க இறங்கற வரைக்கும் ஒரு சொட்டு விழாது."

"யாரு... பெரியம்மா?"

அவன் ஒரு விரலை மேலே காட்டினான். மேகத்தின் கிழிசலில், சாம்பல் நிற விமானம் ஒன்று சாவதானமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. முதுகில் பெரிய வட்டத் தட்டுப் போல ஒரு ராடார்.

அவளுக்கு நெஞ்சில் 'திக்'கென்றது.

"விமானத்துக்கு இப்படி ஒரு பேரா?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டாள்.

"பின்னே? முதுகுல அவ்வளவு பெரிய தட்டைச் சுமந்துக்கிட்டு, ஊரைச் சுத்திச் சுத்தி வந்து, எவன் வீட்டுல என்ன நடக்குதுன்னு எட்டிப் பார்க்கறாங்க. வேற என்னன்னு கூப்பிடறது? எங்க சொந்தப் பெரியம்மாவும் அச்சு அசல் இப்படித்தான்."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை அப்படியே விழுங்கினாள். சிரிக்கிற நேரமா இது?

"சரி... உங்க பெரியம்மா எப்ப இறங்குவாங்க?"

தூண்டில் போட்டுவிட்டாள். அவன் அண்ணாந்து பார்த்தான். காதைக் கொஞ்சம் சாய்த்தான். "ரெண்டு மணி நேரமாவது ஆகும். வெயில் சாயறதுக்குள்ள இறங்கிடுவாங்க."

சரி. அப்படியே சரி! குடைப்பிடியை அவள் விரல்கள் இறுக்கிக்கொண்டன. அந்த விமானம் எப்போது கிளம்பும், எப்போது இறங்கும் என்பது விமான தளத்துக்குள்ளேயே விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருத்தி இதோ பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். துணிச்சுருள் சுமக்கிற இவனுக்கு எப்படித் தெரிந்தது?

பஸ் வந்தது. ஏறி, சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். கண்காணிப்பதற்காகத்தான் பார்த்தாள், வேறொன்றும் இல்லை. அவனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

அன்று மழை மாலையில்தான் வந்தது... விமானம் தரையிறங்கிய பிறகு.

*

பார்ப்பதுதான் அவளுடைய வேலை. வீட்டில் அம்மா கேட்டால் "ஃபைல் வேலைம்மா" என்று முடித்துவிடுவாள். உண்மையில் சன்னலே இல்லாத ஓர் அறையில், குளிர்சாதனத்தின் விறைப்பில், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, விமானம் எடுத்துவரும் படங்களைப் பார்ப்பாள். அம்மாவும் அவளும் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

பெரியம்மா... ச்சே, அவனுடைய பேச்சு இவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது! அந்த விமானம் எல்லைப் பக்கம் போவதற்கு முன் ஊரைச் சில சுற்றுகள் சுற்றும். கேமராவின் கண் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். திரும்பி வரும்போதும் அப்படியே. அந்தச் சோதனைக்கு ஓர் இடம் வேண்டும் இல்லையா? ரன்வேயை ஒட்டிய கடைசித் தெருவில் ஒரு மொட்டை மாடி. அதில் பளிச்சென்று ஒரு மஞ்சள் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் விளிம்பு கத்தி வெட்டினாற்போலத் தெரிந்தால் கேமரா நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். விளிம்பைப் பார்த்து "சரி" சொல்லிவிட்டுப் படத்தை அழித்துவிட வேண்டியது இவளுடைய பொறுப்பு.

அழிப்பதற்கு முன்னால் விளிம்பை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் இவள் கண் அங்கே நிற்குமா? ஒரு பயிற்சியின்போது வலைக்கு அடியில் மறைத்திருந்த லாரிகளை, நிழல் விழுந்த கோணத்தை வைத்தே கண்டுபிடித்தவள். அன்றிலிருந்து அவளுடைய அதிகாரி அவளைக் 'கழுகு' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

கழுகின் கண்ணில் மஞ்சள் தொட்டி வீட்டுக்காரன் சிக்கினான்.

மேலிருந்து பார்த்தால் ஆளுக்கு முகம் கிடையாது. ஒரு கறுப்புத் தலை, ஒரு நீள நிழல், அவ்வளவுதான். விமானம் முதல் சுற்று வரும்போது மாடி காலியாக இருக்கும். அடுத்த சுற்றில், அந்தத் தலை மண்டியிட்டு ஒரு பெரிய துணியை விரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் பச்சை. ஒருநாள் நீலம். ஒருநாள் சாம்பல். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி மூலையைப் பிரித்துவிட்டு, பின்னாலேயே நடந்து போவான். விமானம் எல்லையிலிருந்து திரும்பி இறங்கும் நேரத்தில் சரியாக அதைச் சுருட்டிக்கொண்டிருப்பான். இது போதாதென்று, சில நாள் அண்ணாந்து கையை வேறு உயர்த்துவான்!

"துணி காயப் போடறானோ என்னவோம்மா," என்றார் அதிகாரி, மீசையை நீவிக்கொண்டே.

"நேரம் தினமும் மாறுது சார். நேத்து காலைல, இன்னிக்கு மத்தியானம். நம்ம நேரம் அவனுக்கு எப்படித் தெரியுது? கிளம்பினா விரிக்கறான், இறங்கினா சுருட்டறான். நிறம் நிறமா வேற மாத்தறான். யாருக்கோ சைகை காட்டறான் சார்."

"எனக்கு ரெண்டே கேள்விதான் கழுகு. ஆள் யாரு? நோக்கம் என்ன? ரெண்டுக்கும் பதில் வந்தா கதவைத் தட்டுவேன். அதுவரைக்கும் பாரு."

அவள் பார்த்தாள். தினமும் பார்த்தாள். முகமில்லாத அந்தத் தலையை அவளுக்கு இப்போது மனப்பாடமாகத் தெரியும். ஒருநாள் அவன் மாடிக்கு வரவில்லை. காய்ச்சலோ என்று அவள் மனம் தன்பாட்டுக்கு யோசித்தது... உடனே தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். சந்தேகப்பட வேண்டியவனுக்காகக் கவலைப்படுவாளா ஒருத்தி?

*

பஸ் நிறுத்தத்தில் அந்தச் சுருள்காரன் மறுபடியும் நின்றான். அதற்கு மறுநாளும் நின்றான். அவளுக்குச் சந்தேகம் ஒரு சுற்று பெருத்தது.

அன்று காற்றில் அவள் குடை படாரென்று திரும்பிக்கொண்டு, துணி கம்பியிலிருந்து பிய்ந்து தொங்கியது. அவள் பல்லைக் கடித்தாள். அவன் கையை நீட்டிக் குடையை வாங்கினான். சட்டைப் பையிலிருந்து வளைந்த ஊசி ஒன்றும் மெழுகு நூலும் வந்தன.

"ஊசியோடதான் ஊர் சுத்துவீங்களா?"

"தொழில் அதுதானே. படுதா தைக்கறவன். லாரிக்கு, கடைக்கு, சன்னலுக்கு... மழையும் வெயிலும் எங்கெல்லாம் வேண்டாமோ அங்கெல்லாம் நான்."

தைக்கும்போது கண் ஊசியை விட்டு அசையவில்லை. இமை அடர்த்தியாக, கன்னத்தில் நிழல் விழுகிற அளவு நீளமாக இருந்தது. ஓர் ஆண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு இமை என்று அவளுக்குப் பொறாமையாக வந்தது.

"உங்களுக்கு எங்கே வேலை மேடம்? தளத்துக்குள்ளயா?"

வந்துவிட்டதா கேள்வி! அவள் உஷாரானாள். "ஃபைல் வேலை."

"ஃபைல் பார்க்கறவங்க கண்ணு ஆளை இப்படி அளக்காதே... நீங்க பார்க்கறப்போ எனக்கு எடை போட்ட மாதிரி இருக்கு."

"உங்களுக்கு என்னத்துக்கு அந்த ஆராய்ச்சி?"

"சும்மாதான். நானும் உள்ளே வரப் போறேன். அங்கே நிக்கற விமானத்துக்கெல்லாம் மூடு படுதா வேணுமாம், முதல்ல ஒரு மாதிரி தைச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க. கேட் பாஸ் மட்டும் வரணும். இந்த வேலை கிடைச்சா துணி விரிக்க இடமில்லாமத் திண்டாடற நிலைமை போய், சொந்தமா ஒரு கொட்டகை போட்டுடுவேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "இந்தாங்க. இனிமே புயல் வந்தாலும் பிரியாது."

குடையை வாங்கும்போது விரல் நுனி பட்டது. மெழுகு வாசனை. அவளுக்கு முகம் சூடானது. 'அடிப் பாவி, இவன் உள்ளே நுழையப் பார்க்கிறான், நீ என்னடாவென்றால் வெட்கப்படுகிறாய்!'

பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவன் ஏறவில்லை. அப்போதுதான் உறைத்தது... அவன் இதுவரை ஒருநாள்கூட எந்த பஸ்ஸிலும் ஏறியதில்லை.

பின் எதற்கு அங்கே வந்து நிற்கிறான்?

*

காலை ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தவளைப் பேச்சுச் சத்தம் எழுப்பியது. மாடியறையிலிருந்து வந்து படிக்கட்டின் உச்சியில் நின்று கீழே எட்டிப் பார்த்தாள்.

கூடத்தின் நடுவில் யாரோ ஒருவன். முகம் தெரியவில்லை. ஒரு கறுப்புத் தலை மட்டும். திறந்திருந்த வாசல் வெளிச்சத்தில் அவன் நிழல் தரையில் நீளமாகக் கிடந்தது. மண்டியிட்டான். மணிக்கட்டால் ஒரு சுண்டு. துணியின் மூலை பிரிந்தது. பின்னாலேயே நடந்தான்...

மஞ்சள் தொட்டிக்காரன். அவள் வீட்டுக் கூடத்தில்!

கைப்பிடியை அவள் பற்றிய சத்தத்தில் அந்தத் தலை நிமிர்ந்தது. சிரிக்கிற அந்தக் கண்கள். பஸ் நிறுத்தத்துக் கண்கள். இரண்டு பேர் என்று அவள் எண்ணியிருந்தது ஒரே ஆள்!

"அட... குடை மேடம்! இது உங்க வீடா?"

"நடிக்காதீங்க. யார் உங்களுக்கு இந்த விலாசம் கொடுத்தது?"

"என்னடி பேச்சு இது?" என்று அம்மா சமையலறையிலிருந்து காபியோடு ஓடி வந்தாள். "நான்தான்டி வரச் சொன்னேன். சன்னல்ல சாரல் அடிச்சு கட்டில் நனையுதுன்னு நீதானே தினமும் புலம்பறே? எதிர்வீட்டு அக்கா இந்தத் தம்பியைத்தான் சொன்னாங்க. நீங்க காபி குடிங்க தம்பி. தூங்கி எழுந்தா இவ இப்படித்தான், கடிச்சுக் குதறுவா."

"பரவாயில்லம்மா. நமக்கு ஏற்கெனவே பழக்கம்தான்."

'நமக்கா?' அவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள். "உங்க வீடு எங்கே இருக்கு?"

"ரன்வேயை ஒட்டின கடைசித் தெரு. மஞ்சள் டேங்க் வெச்ச வீடு. யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க."

எவ்வளவு தைரியம்! ஒளிக்கத் தெரியாத அப்பாவி இப்படிச் சொல்வான். ஒளிப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவனும் இப்படித்தான் சொல்வான். அவள் எதை நம்புவது? விமானம் இறங்கும் நேரம் தெரிந்தவன், பஸ் ஏறாமல் பஸ் நிறுத்தத்தில் நிற்பவன், தளத்துக்குள் நுழைய பாஸ் கேட்பவன், இப்போது அவள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டவன்...

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் அவனுடைய பாஸ் போய்விடும், கொட்டகைக் கனவும் போய்விடும். சொல்லாமல் விட்டு நாளை ஏதாவது நடந்துவிட்டால்? பிடித்த கண்கள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வதா?

மறுநாள் அதிகாரியின் முன் போய் நின்றாள். "ஆள் யாருன்னு தெரிஞ்சுடுச்சு சார்."

"நோக்கம்?"

ஒரு நொடி தயங்கினாள். "சந்தேகமா இருக்கு சார்."

*

"அநியாயம்டி இது, அநியாயம்!" இரண்டு நாள் கழித்து அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஜீப்புல வந்து இறங்கி அந்தத் தம்பி வீட்டையே புரட்டிப் போட்டிருக்காங்க. அப்பத்தான் மெழுகு பூசி மாடில விரிச்சிருந்தாராம். ஈரத்தோட அப்படியே சுருட்டி அள்ளிக்கிட்டுப் போயிருக்காங்க. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பிரிக்கவே முடியாமப் பாழாப் போச்சு. தளத்துக்குக் காட்டறதுக்குன்னு தைச்ச மாதிரிப் படுதாவாம். பாஸும் கிடையாதுன்னுட்டாங்களாம்."

அவள் செருப்பைக் கழற்றாமலே நின்றாள். "ஏதாவது காரணம் இருக்கும்மா. விமானம் கிளம்பற நேரம் பார்த்து அவர் மாடில துணி விரிக்கறார்..."

"எல்லாரும்தான் விரிக்கறோம்!"

"என்னது?"

"இதுல என்னது என்ன இருக்கு? பெரியம்மா கிளம்பினா ரெண்டு மணி நேரத்துக்கு மழை கிடையாதுன்னு இந்த ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மழை வர்ற மாதிரி இருந்தா அவங்க அதைக் கிளப்பவே மாட்டாங்களாமே. அது சத்தம் தனியாக் கேட்கும், கொர்ருனு. கேட்டதும் வாளியைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடுவோம். இறங்கற சத்தம் கேட்டா எடுக்க ஓடுவோம். வந்த புதுசுலயே எதிர்வீட்டு அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டாங்க. அந்தத் தம்பிக்கு மெழுகு காயறவரை ஒரு சொட்டு விழுந்தாலும் புள்ளி விழுந்துடும். அவர் பெரியம்மாவை நம்பாம வேற யாரை நம்புவார்?" அம்மா மூச்சு வாங்கினாள். "நீ ஒரு நாளாவது துணி காயப் போட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்டி!"

கும்மிருட்டான வானத்தின் கீழே குடை விரிக்காமல் நின்ற அத்தனை பேரும் அவள் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

மறுநாள் அலுவலகத்தில், அன்று காலை வந்த படங்களைத் திறந்தாள். எப்போதும் மஞ்சள் தொட்டியை மட்டும் நெருக்கிப் பார்த்தே பழகிய படத்தை முதன்முறையாக அகலமாக்கினாள். முதல் சுற்று: ஊரின் மாடிகள் எல்லாம் மொட்டையாக, சாம்பலாக. இரண்டாவது சுற்று...

ஊரே பூத்துக் கிடந்தது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், ஊதா. மாடிக்கு மாடி கொடிகள், கொடிக்குக் கொடி துணிகள், வாளியும் கையுமாகத் தலைகள். எவரோ இரண்டு பேர் ஒரு போர்வையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள். மூலையில் அவள் குடியிருக்கும் வீடு. அதன் மாடியில் ஒரு சின்னத் தலை, அம்மாவின் தலை, அவளுடைய நீலச் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தது.

மஞ்சள் தொட்டி மாடி மட்டும் காலியாக இருந்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் எல்லாம் படத்திலேயேதான் இருந்தது. கழுகாம் கழுகு!

அதிகாரி அகலமான படத்தை நெடுநேரம் பார்த்தார். "என் வீட்டுக்காரம்மாகூட இதுல இருக்காங்க போலிருக்கே," என்றார் மெதுவாக. "சந்தேகத்தை நானே வாபஸ் வாங்கறேன். பாஸுக்குச் சொல்லிடறேன். மாதிரிப் படுதா மட்டும் அவர் மறுபடி தைச்சுக் காட்டணும், அது பண்டகசாலை முறை."

"நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும் சார்."

"கேளு. நீதான் சொன்னேன்னு சொல்லிக்கோ. ஆனா எங்கேருந்து பார்த்தே, எவ்வளவு தூரம் தெரியும், அதெல்லாம் மூச்சு விடக்கூடாது."

*

"நான்தான்," என்றாள்.

அவனுடைய தையல் கடை வாசலில் நின்றாள். உள்ளே, தளத்திலிருந்து திரும்பி வந்த படுதாக்கள் ஒட்டிப்போய் ஒரு மூலையில் குவிந்திருந்தன. அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"என்ன நீங்கதான்?"

"உங்களைப் பத்தி உள்ளே சொன்னது. நீங்க மாடில துணி விரிக்கறதைப் பார்த்துட்டு, நேரத்தை வெச்சு... தப்பா நினைச்சுட்டேன்."

"எங்கேருந்து பார்த்தீங்க?"

"அதைச் சொல்ல முடியாது."

"எத்தனை நாளா பார்த்தீங்க?"

"அதையும் சொல்ல முடியாது."

"நல்லா இருக்கே மன்னிப்பு!" அந்தக் கண்களில் இன்று சிரிப்பே இல்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு உங்க குடையைத் தைச்சுக் கொடுத்தேனே... அப்பவும் என்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டேதான் நின்னீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். அவளுக்குப் பொய் வரவில்லை.

"ஆமா."

அவன் தலையை ஆட்டினான். "போயிட்டு வாங்க மேடம். பாஸ் வந்துடுச்சு, வேலையும் கிடைக்கும். ஆனா இனிமே உங்க விமானத்தை நம்பி ஒரு துணியையும் விரிக்க மாட்டேன். பெரியம்மான்னு செல்லமாக் கூப்பிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் பஸ் நிறுத்தம்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

அவன் சொன்னபடியே செய்தான். படங்களில் அந்த மாடி தினமும் வெறிச்சென்று கிடந்தது. தொட்டியின் விளிம்பு கூர்மையாக இருந்தது. "சரி" என்று எழுதி அழித்தாள். எதுவுமே சரியாக இல்லை. பஸ் நிறுத்தத்திலும் அவன் இல்லை. ஊசி போட்டுத் தைத்த குடை மட்டும் பிரியாமல் அப்படியே இருந்தது.

"ரோஷக்காரத் தம்பிடி," என்றாள் அம்மா. "பெரியம்மாவை நம்பாம, வானத்தை மட்டும் பார்த்து விரிச்சிருக்கார். மழை வந்து, ரெண்டாவதாத் தைச்சதும் புள்ளி விழுந்து வீணாப் போச்சாம். நாளைக்கு மாதிரி காட்டலைன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடுமாம்."

அன்று அவளுக்கு விடுமுறை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

*

மஞ்சள் தொட்டி வீட்டின் வெளிப்படிக்கட்டில் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு மாடிக்கு ஏறினாள். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த மாடியை நேரில் நின்று பார்த்தாள். தொட்டி அவ்வளவு மஞ்சளாக இல்லை. ஓரத்தில் ஒரு செடி இருந்தது, அது அவளுக்குத் தெரியவே தெரியாது.

மெழுகு பூசிய படுதாவை மடியில் போட்டுக்கொண்டு, வானத்தை முறைத்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். வானமும் பதிலுக்கு முறைத்தது. அப்படி ஒரு கறுப்பு.

தூரத்தில் கொர்ரென்று ஒரு சத்தம் எழுந்தது. தலைக்கு மேல் கடந்து போனது. சுற்றிலும் மாடிகளில் வாளிகள் தடதடத்தன.

"பெரியம்மா கிளம்பிட்டாங்க," என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "கேட்டுச்சு."

"விரிக்கலையா?"

"எதுக்கு? மறுபடி ஜீப் வரவா?"

"வராது."

"எப்படி நம்பறது?"

"நான் இங்கேயே நிக்கறேன். மழை வந்தா நானும் நனையறேன். ஜீப் வந்தா நானும் ஏறறேன். போதுமா?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இப்போது எடை போடுவது அவன் முறை. பிறகு படுதாவின் ஒரு முனையை நீட்டினான். அவள் மண்டியிட்டாள்.

"அப்படி இழுக்கக்கூடாது. மணிக்கட்டால ஒரு..."

"தெரியும். சுண்டிட்டு, பின்னாலயே நடக்கணும். எவ்வளவு பார்த்திருக்கேன்..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரோஷத்தையும் மீறி அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போயிருந்த சிரிப்பு அந்தக் கண்களுக்குத் திரும்பி வந்ததைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு தளும்பியது.

படுதா விரிந்தது. சத்தம் மறுபடி நெருங்கியது. இரண்டாவது சுற்று.

"மேடம், டேங்குக்குப் பின்னால போயிடுங்க. உங்க ஆளுங்க பார்ப்பாங்க."

அவள் போனாள். ஆனால் பின்னால் இல்லை. தொட்டியின் முன்னால், விளிம்பை ஒட்டி வந்து நின்றாள். கேமராவின் கண் எங்கே மிகக் கூர்மையாக விழும் என்று அவளுக்குத் தெரியாதா? அண்ணாந்து பார்த்தாள். கையை உயர்த்தி ஆட்டினாள்.

"ஐயோ! என்ன பண்றீங்க நீங்க?"

"நீங்க பண்றதைத்தான். எதுக்குக் கை காட்டுவீங்க?"

"சும்மா ஒரு விளையாட்டுக்கு... அவ்வளவு உயரத்துலேருந்து யாரு பார்க்கப் போறாங்கன்னு."

"ஒருத்தி பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா. ஒருநாள் நீங்க வரலைன்னா காய்ச்சலான்னு கவலைப்பட்டா. சந்தேகம்னுதான் ஆரம்பிச்சா..." குரல் இறங்கியது. "நாளைக்கு எங்க சார் இந்தப் படத்தை என் முன்னால வெச்சு ரெண்டு கேள்வி கேட்பார். ஆள் யாரு? நோக்கம் என்ன?"

"என்ன சொல்வீங்க?"

"ஆள் நான்தான்னு சொல்லிடுவேன். நோக்கத்தை... அவருக்கு முன்னால உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்." கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. முகம் தெரியறதுக்கு முன்னாலேருந்தே..."

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். அவன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"இது விசாரணை இல்லையே?"

"இல்ல."

"நிஜமாவே?"

"நிஜமாவே!"

"அப்படின்னா நானும் ஒண்ணு ஒத்துக்கணும்." மெழுகுக் கையைப் பின்னங்கழுத்தில் தேய்த்தான். "என் வீடு இங்கே இருக்கு, கடை கீழேயே இருக்கு. அந்த பஸ் ஸ்டாப்புல எனக்கு என்ன வேலை? முதல் நாள் மட்டும்தான் தற்செயல். அதுக்கப்புறம் தினமும் ஒரு வெத்துச் சுருளைத் தோள்ல போட்டுக்கிட்டு, நீங்க வர்ற நேரம் பார்த்து வந்து நிப்பேன்."

"ஆங்!" அவள் துள்ளினாள். "அப்போ என் சந்தேகம் சரிதான்!"

"அது ஒண்ணு மட்டும் சரி."

இருவரும் சிரித்தார்கள். பெரியம்மா எல்லைப் பக்கம் போய்விட்டு வரும்வரை, தொட்டியின் அருகில் உட்கார்ந்து வானத்தையும் படுதாவையும், நடுநடுவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. இறங்கும் சத்தம் கேட்டதும் அவன் ஒரு முனையிலிருந்து சுருட்ட ஆரம்பித்தான். அவள் மறுமுனையிலிருந்து சுருட்டினாள். நடுவில் வந்து, இரண்டு சுருளும் முட்டிக்கொண்டு நின்றபோது, அவன் முகம் அவளுக்கு மிக அருகில் இருந்தது.

"இனிமே எப்படி வேணும்னாலும் அளந்துக்கோங்க," என்றான் மெதுவாக.

மழை ஆரம்பித்தது. குடை கீழே படிக்கட்டில் கிடந்தது. போய் எடுத்துவர வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.